தங்கத்துக்கு வெட்டிய குழியும் நியூட்ரினோவுக்கு வெட்டாத குழியும்

வைகைச் சமவெளி வரலாறு – 23

பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையை 1895-ஓடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அந்தக் குடைவால்தான் கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது, மேலூர் வரை வாய்க்கால் போனது, வைகை வழியாக மதுரைக்குக் குடிதண்ணீர் வருகிறது. பென்னிகுயிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிற ஊர்கள் அந்தப் பக்கம் இன்றும் உண்டு. மலையைக் குடைந்தவரைச் சாமிக்குச் சமமாக வைத்துக் கும்பிடும் அதே சனம், நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே மலைத்தொடரில் இன்னொரு குடைவுக்கு ஆள் வந்தபோது மறித்து நின்றது. முன்னதில் தண்ணீர் வந்தது. பின்னதில் என்ன வரும் என்று ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்ல யாராலும் முடியவில்லை.

தேனி 1996-இல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் போடி மலையை விட்டுவிட்டு இந்தத் தொடரை எழுத முடியாது. மதுரையை விட்டுவிட்டும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. திட்டத்தை நிறுத்தி வைத்த நீதிமன்றமும் மதுரையில் இருக்கிறது, திட்டத்தில் மிஞ்சிய கருவியும் மதுரையில் இருக்கிறது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் கோலார்.

அதற்கு முன் நியூட்ரினோவைப் பற்றிக் கதைக்குத் தேவையான அளவு. 1930-இல் வுல்ஃப்காங் பவுலி என்ற இயற்பியலாளர், கணக்கு இடிக்கிறதே என்று காகிதத்தில் கற்பித்துக்கொண்ட துகள் அது. மின்னூட்டம் கிடையாது, எடையே இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1956-இல் அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் ரெய்ன்ஸும் கோவனும் அதைப் பிடித்துக் காட்டினார்கள். சூரியனிலிருந்து மட்டும் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. எதையும் எளிதில் தொடாமல் போவதால்தான் அவற்றைப் பிடிப்பது அத்தனை கஷ்டம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. கூடவே முயான் என்ற இன்னொரு துகளும் மழையாகப் பொழிகிறது. நீட்டிய உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றாவது போகும். இத்தனை முயான்களுக்கு நடுவே அபூர்வமாக மோதும் ஒரு நியூட்ரினோவைத் தேடினால் கிடைக்காது. ஆகவே தலைக்கு மேல் பாறை வேண்டும். பாறை ஒரு சல்லடை: முயானைத் தடுத்து நிறுத்தும், நியூட்ரினோவை விட்டுவிடும். பாறை எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. இந்தத் துறைக்காரர்கள் உலகமெங்கும் மண்ணுக்குள் போய் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் அப்படி முதலில் உள்ளே இறங்கியது கோலார் தங்கவயலில். 1880-களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வெட்டிக்கொண்டே போன சுரங்கங்கள் அவை. வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பத்தோடு போனவர்கள். கர்நாடகத்தில் இருந்தாலும் கே.ஜி.எஃப். இன்றும் தமிழ் பேசும் ஊர்தான். தங்கத்தைத் துரத்திக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போன அந்தக் குழிகளுக்குள், 1951-இல் பம்பாயிலிருந்து ஓர் இளைஞர் கருவிப் பெட்டியோடு இறங்கினார். பி.வி. ஸ்ரீகண்டன் என்று பெயர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த ஹோமி பாபா அனுப்பி வைத்தவர். ஆழம் கூடக் கூட முயான் எப்படிக் குறைகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

எண்ணிக்கொண்டே பல ஆண்டுகள் போயின. 1960-களின் தொடக்கத்தில் 2,700 மீட்டருக்கும் கீழே ஓர் ஆழத்தில் கருவியை வைத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு முயான்கூட வரவில்லை. சாதாரணமாகப் பார்த்தால் தோற்றுப்போன பரிசோதனை. அங்கே இருந்தவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. முயானே எட்டாத இடம் என்றால், அங்கே எப்போதாவது ஒரு தடம் விழுந்தால் அது நியூட்ரினோ போட்ட தடமாகத்தானே இருக்க வேண்டும்? இந்திய அறிவியலில் எனக்குப் பிடித்த தருணம் இது. வெறும் பூஜ்யத்தைப் பார்த்து இது பொக்கிஷம் என்று புரிந்துகொள்ளத் தனிக் கண் வேண்டும்.

ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்தன. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் இந்தியத் தரப்பில். ஜப்பானிலிருந்து மியாகே, இங்கிலாந்திலிருந்து உல்ஃபெண்டேல். பூமிக்குக் கீழே 2,300 மீட்டரில், பக்கவாட்டில் வரும் துகளைப் பார்க்கும்படியாகக் கருவிகளை நிறுத்தினார்கள். மின்னும் பிளாஸ்டிக் பலகைகள், துகள் கடந்தால் பளிச்சிடும் நியான் குழாய்கள், அந்தப் பளிச்சைப் படம் பிடிக்கக் கேமரா. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்தின் அடியில் ரெய்ன்ஸ் குழுவும் உட்கார்ந்திருந்தது. ரெய்ன்ஸுக்கு 1965 பிப்ரவரி 23-லேயே முதல் தடம் கிடைத்துவிட்டது. ஆனால் அச்சில் முந்தியது கோலார். கோலார் குழுவின் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் வந்தது. ரெய்ன்ஸ் கட்டுரை ஆகஸ்ட் 30 இதழில். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதன் பார்த்ததாக உலகம் முதலில் படித்தது கோலாரிலிருந்துதான்.

அதோடு நிற்கவில்லை. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 1980-இல் அதே 2,300 மீட்டர் ஆழத்தில் 140 டன் எடையில் ஒரு கருவியைக் கட்டினார்கள். பிளேட்டாக, துண்டாகச் சுரங்கக் கூண்டில் கீழே இறக்கி அடுக்கிய இரும்பு அது. இந்த 140 டன்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990-களில் தங்கத்தின் தரம் இறங்கியது, வெட்டுகிற செலவு ஏறியது. பரிசோதனைகளை நிறுத்தினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தையே மூடினார்கள். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றால் ஆழ்சுரங்கம் என்ன ஆகும்? நிரம்பும். நிரம்பியது. வேலை இழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கதையோடு ஒப்பிட்டால் ஆய்வகம் போனது சின்ன இழப்புதான். ஆனால் இந்தக் கதைக்கு அதுதான் முடிச்சு.

உலகத்தைச் சுற்றிப் பாருங்கள். சூரிய நியூட்ரினோவை ரேமண்ட் டேவிஸ் எண்ணியது அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில். நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று 1998-இல் சொன்ன சூப்பர் காமியோகாண்டே இருப்பது ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில். கனடாவின் சட்பரி ஆய்வகம் நிக்கல் சுரங்கத்தில். இத்தாலியின் கிரான் சாசோ நெடுஞ்சாலைச் சுரங்கப் பாதையை ஒட்டி. யாரோ, வேறு எதற்கோ, முன்பே தோண்டிய குழி. விஞ்ஞானி அதற்குள் குடியேறிக்கொள்கிறார். மலை போச்சே என்ற சண்டையெல்லாம் சுரங்கக் கம்பெனியோடு எப்போதோ முடிந்திருக்கும், அல்லது நடக்காமலே போயிருக்கும். நம்மிடம் அப்படி ஒரு குழி இருந்தது, உலகத்தில் முன்வரிசையில் வைக்கத்தக்கது. அதைக் கைவிட்ட அதே சமயத்தில்தான் புதுக் குழிக்கு இடம் தேட ஆரம்பித்தோம்.

2000 ஜனவரியில் சென்னையில் நடந்த இயற்பியல் பட்டறையில் பேச்சு சூடு பிடித்தது. 2002-இல் டாடா நிறுவனம், பாபா அணு ஆராய்ச்சி மையம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் உட்பட ஏழு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. இந்திய நியூட்ரினோ ஆய்வகம், சுருக்கமாக ஐ.என்.ஓ. நபா மண்டல் தலைமை ஏற்றார். சென்னையில் ஜி. ராஜசேகரன், எம்.வி.என். மூர்த்தி, டி. இந்துமதி போன்றவர்கள் இதற்காகத் தமிழ்நாட்டில் தொடர்ந்து பேசியும் எழுதியும் வந்தார்கள்.

முதலில் தேர்ந்த இடம் நீலகிரியில் மசினகுடிக்குப் பக்கத்திலுள்ள சிங்காரா. அங்கே பைக்காரா மின்திட்டத்துக்காக ஏற்கெனவே மலையைக் குடைந்திருந்தார்கள். குழியின் அருமை தெரிந்தவர்கள்தான். ஆனால் முதுமலைப் புலிகள் காப்பகம் ஒட்டி இருக்கிறது, யானைகள் நடமாடும் வழி. 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முடியாது என்று கைவிரித்து, தேனிப் பக்கம் சுருளியாற்றைப் பாருங்கள் என்றார். சுருளியாற்றுப் பக்கமும் அடர்ந்த காடு. கடைசியில் மலைச்சரிவில் காடு குறைந்த இடமாகப் பார்த்து, போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்துக்கு வந்து நின்றார்கள். 2010 அக்டோபரில் மத்திய அரசின் அனுமதியும் கிடைத்தது.

மதுரையிலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர். தேவாரம் தாண்டிப் போனால் மழை மறைவுப் பிரதேசம். வானம் பார்த்த காடுகளும் கிணற்றுப் பாசனத் தோப்புகளும். பொட்டிபுரம் ஊராட்சியில் டி.புதுக்கோட்டைக்குப் பின்னால் அம்பரப்பர் மலை எழுந்து நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது சாமி மலை. மலைமாடு மேய்க்கிறவர்களுக்கு மேய்ச்சல் காடு. விஞ்ஞானிகளுக்கு அது சார்னகைட் என்ற கெட்டிப் பாறை: அடியில் பக்கவாட்டில் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து போனால் எந்தத் திசையிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை கிடைக்கும். கோலார் மாதிரிக் கூண்டில் இறங்க வேண்டியதில்லை, லாரி நேராக உள்ளே போகும். மாநில அரசு அடிவாரத்தில் 66 ஏக்கர் புறம்போக்கைக் கொடுத்தது. மூவர் பார்த்த மலையும் ஒன்றுதான். மூவரும் உட்கார்ந்து பேசிய கூட்டம்தான் போதுமான அளவு நடக்கவில்லை.

உள்ளே வைக்கத் திட்டமிட்ட கருவிக்கு ஐகால் என்று பேர். 48 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 14 மீட்டருக்கு மேல் உயரம், 50,000 டன் இரும்பு. பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே கண்ணாடி உணரிகள், மொத்தம் சுமார் 29,000. இரும்பு முழுவதும் மின்காந்தமாக இருக்கும். நியூட்ரினோ இரும்பில் மோதினால் எதிர்மின் முயான் பிறக்கும், எதிர் நியூட்ரினோ மோதினால் நேர்மின் முயான். காந்தப் புலத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வளையும். பூமிக்குள் புகுந்து கீழிருந்து மேலே வரும் நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் இப்படித் தனித்தனியாக எண்ணினால், மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம் எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்கலாம். சூப்பர் காமியோகாண்டேயில் காந்தம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் போடி முந்தியிருக்க முடியும், நேரத்தோடு கட்டியிருந்தால்.

கட்டவில்லை. 2015 ஜனவரி 5-இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்ததும் ஊர் விழித்துக்கொண்டது. கூடங்குளம் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. முல்லைப் பெரியாறு வழக்கில் 142 அடிக்குத் தீர்ப்பு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அணை உடையும் உடையாது என்ற பேச்சு இரு மாநிலத்திலும் வாய்க்கு வாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அணைக்கும் இடுக்கிக்கும் கிழக்கே மலையில் வெடி வைக்கப்போகிறோம், அதைச் செய்வது அணுசக்தித் துறை என்றால் எப்படி இருக்கும்? துறையின் பேர் ஒன்றே பாதிச் சந்தேகத்தை விதைத்துவிட்டது. அணுக்கழிவைப் புதைக்கத்தான் குழி வெட்டுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து பூமிக்குள்ளாக நியூட்ரினோக் கற்றையை இங்கே ஏவுவார்கள் என்றும் சொன்னார்கள்.

கழிவுக் கதையில் உண்மை இல்லை. ஐகாலில் கதிரியக்கப் பொருளே கிடையாது. ஆனால் கற்றைக் கதை காற்றில் பிறந்ததன்று. ஐ.என்.ஓ.வின் ஆரம்பகால அறிக்கையிலேயே, இரண்டாம் கட்டத்தில் தூர தேசத்து நியூட்ரினோ ஆலையிலிருந்து வரும் கற்றைக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். எதிர்ப்பாளர்கள் அறிக்கையைப் படித்திருந்தார்கள். பிறகு அப்படித் திட்டமே இல்லை என்று விஞ்ஞானிகள் மறுத்தபோது, எழுதியதை ஏன் மறுக்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. கற்றை வந்தாலும் ஆபத்தில்லை என்பதை அந்தக் கட்டத்தில் யார் கேட்பார்கள்? அப்துல் கலாம் 2015 ஜூனில் திட்டத்தை ஆதரித்து ஆங்கில நாளேட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில்.

இனி மதுரை. வைகோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். 2015 மார்ச் 26-இல், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. ஒத்தக்கடையிலுள்ள அந்தக் கிளையில் உத்தரவு வந்த அதே வருடம் அக்டோபரில், நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று நிறுவியதற்காக ஜப்பானின் கஜிதாவுக்கும் கனடாவின் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். இருவரும் வேலை பார்த்தது பழைய சுரங்கங்களில்.

வழக்குகளில் திட்டத்தைக் கவிழ்த்தது அணைப் பயமோ கதிர்வீச்சுப் பேச்சோ அல்ல, காகிதம். 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த கோவை சாலிம் அலி மையத்துக்கு அந்த வேலைக்கான அங்கீகாரம் இல்லை. பறவைகளும் விலங்குகளும் அவர்கள் துறை. பாறையைக் குடைவது வேறு. இது ஒன்று. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் குடைந்து லட்சக்கணக்கான டன் பாறையை வெளியே கொட்டும் வேலைக்குக் 'கட்டடம், கட்டுமானம்' என்ற தலைப்பில், அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கேட்கிற மாதிரி அனுமதி கேட்டிருந்தார்கள். இது இரண்டு. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது மூன்று. 2017 மார்ச் 20-இல் தீர்ப்பாயம் அனுமதியை முடக்கியது. உலகத் தரத்தில் கருவியை வடிவமைக்கத் தெரிந்தவர்களுக்கு, விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று சொல்ல ஒரு நல்ல வக்கீல் இல்லாமல் போனது.

2018 மார்ச்சில் 'சிறப்பு நேர்வு' என்று சொல்லி மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. சிக்கலைத் தீர்க்காமல் சுற்றிக்கொண்டு போகிற வழி அது. சந்தேகம் இன்னும் கூடியது. அந்த மாதக் கடைசியில் வைகோ மதுரையிலிருந்து கம்பத்துக்கு நடைப்பயணம் கிளம்பினார். 31-ஆம் தேதி, பயணம் தொடங்கும் இடத்திலேயே அவருடைய கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார், பிழைக்கவில்லை. ஒரு துகளை எண்ணும் கருவிக்காக ஓர் உயிர் போனது. அது எந்தத் தரப்பின் கணக்கிலும் சேராமல் கிடக்கிறது.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியைக் காப்பாற்றினாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வா என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிப்பானது. 2021 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரிடம் கேட்டார். மதிகெட்டானுக்கும் பெரியாற்றுக்கும் இடையே புலிகள் போய்வரும் வழியில் இந்த மலை இருக்கிறது, அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. அத்தோடு பொட்டிபுரம் நின்றது. அம்பரப்பர் மலையில் சுரங்கம் இதுவரை தொடங்கவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பொட்டிபுரத்துக்கு அனுமதி கிடைத்த அதே 2010-இன் கடைசி நாளில் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதையாக்க நிறுத்தினார்கள். நம்மூர் ஆட்கள் அந்த ரயிலுக்காக மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் வந்துவிட்டது. நம் பக்கத்தில் தாமதம் என்றால் போடி ரயில் என்று உதாரணம் காட்டுவோம். அந்த ரயிலே வந்து சேர்ந்துவிட்டது!

சீனாக்காரர்கள் காத்திருக்கவில்லை. குவாங்டொங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் ஜூனோ என்ற கருவியை, 20,000 டன் ஒளிரும் திரவத்தோடு கட்டி, 2025 ஆகஸ்ட் 26-இல் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அணு உலைகளிலிருந்து வரும் நியூட்ரினோவைக் கொண்டு அதே நிறை வரிசையைத்தான் அவர்களும் தேடுகிறார்கள். ஜப்பானில் ஹைப்பர் காமியோகாண்டேயும் அமெரிக்காவில் டியூனும் எழுந்துகொண்டிருக்கின்றன. போடி முந்தக்கூடிய பந்தயம் முடிந்துவிட்டது என்பதே என் கருத்து.

மிஞ்சியது மதுரையில் இருக்கிறது. திட்டத்தின் தலைமையிடமாக, உயர் ஆற்றல் இயற்பியலுக்கான மையம் ஒன்றுக்கு வடபழஞ்சியில் சுமார் 33 ஏக்கர் ஒதுக்கினார்கள். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அருகே, எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிற அதே வடபழஞ்சி. அந்த மையத்தின் தற்காலிக வளாகம் ஒன்று மதுரையில் இயங்குகிறது. அங்கே 2018-இலிருந்து ஓடுகிறது மினி ஐகால்.

நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் பரப்பில் பதினோரு அடுக்கு இரும்பு. ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டர் கனம். மொத்தம் 85 டன், ஐகாலில் அறுநூறில் ஒரு பங்கு. தாமிரச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அத்தனை இரும்பும் காந்தமாகிவிடும். அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பத்து இடைவெளிகளில் இருபது உணரிகள். ஓர் உணரி என்பது, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணக் கண்ணாடித் தகடுகள் இரண்டு, நடுவே இரண்டு மில்லிமீட்டர் சந்து. சந்து மாறாமலிருக்கச் சின்னச் சின்னப் பொத்தான்களை ஒட்டியிருப்பார்கள். சந்துக்குள் ஓடும் வாயுக் கலவையில் ஏ.சி. மெஷினில் ஊற்றும் ஆர்-134ஏ வாயுதான் பெரும்பகுதி. கூடவே கொஞ்சம் ஐசோபியூட்டேன், துளி சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு. கண்ணாடியின் வெளிப்பக்கம் கிராஃபைட் பூச்சு. அதில் பத்தாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். ஒரு முயான் கடந்தால் அந்தச் சந்துக்குள் நுண்ணிய மின்பொறி பாயும். மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த மூன்று சென்டிமீட்டர் பட்டைகள் எந்த இடம், எந்த நேரம் என்று சொல்லிவிடும். நேரம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம்.

மதுரை புவிக் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே மேற்கிலிருந்து வரும் முயான்கள் கிழக்கிலிருந்து வருபவற்றைவிட அதிகம். பூமியின் காந்தம் காஸ்மிக் கதிரை வளைப்பதன் விளைவு. இந்த மையத்தின் மாணவர்கள் மதுரை ஆகாயத்தின் முயான் கணக்கை அளந்து சர்வதேச ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு கடல்மட்டத்துக்கு மேல் 160 மீட்டர் என்று குறித்து, மதுரை என்ற பேரோடு.

இப்போது அங்கே நடக்கிற வேலைதான் முக்கியம். மினி ஐகாலுக்கு மேலும் பக்கங்களிலும் ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளால் இன்னொரு வேலி கட்டுகிறார்கள். வெளியிலிருந்து முயான் வந்தால் வேலி சொல்லிவிடும்; அந்தப் பதிவைத் தள்ளிவிடலாம். பத்தாயிரம் முயானில் ஒன்றுக்கு மேல் தப்பாதபடி வேலி கட்ட முடியுமா என்பது கேள்வி. முடிந்தால் ஐகாலுக்கு ஒரு கிலோமீட்டர் பாறை தேவையில்லை, நூறு மீட்டரே போதும் என்பது அவர்கள் கணக்கு. நூறு மீட்டர் என்றால் ஒரு சிறு குன்று. புலி நடமாடும் மலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்த யோசனையைச் சிங்காராவில் கதவு அடைத்த 2009-லேயே கையில் எடுத்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

1980-இல் கோலாரில் 2,300 மீட்டர் ஆழத்தில் 140 டன் வைத்திருந்த நாடு இன்று தரைக்கு மேலே 85 டன் வைத்துக்கொண்டிருக்கிறது. பொட்டிபுரத்தார் மறித்ததால் வந்த வினை என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கோலாரில் பம்பை நிறுத்தியவர்கள்தான் முதல் பொறுப்பு. அடுத்த பொறுப்பு, மலையடிவாரத்துச் சனத்திடம் தமிழில் பேசுவதற்கு முன் டெல்லியில் கோப்பை நகர்த்தியவர்களுக்கு.

இந்த வரலாற்றின் ஒரு பகுதி இன்னும் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. 2010-க்கும் 2018-க்கும் இடையே தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி பக்கத்தில் இரு தரப்பாரும் விட்ட துண்டறிக்கைகள், ஒட்டிய சுவரொட்டிகள், கிராம சபை நோட்டீஸ்கள் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். கோலாரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களிடம் சுரங்கத்து ஆய்வகத்தின் படங்களும் இருக்கலாம். வாசகர்கள் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாமல், நகல் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அனுப்ப முடியாதவர்கள் ஒரு கடிதம் போட்டால் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறோம்.